குர்லா மாமாவுக்கு எத்தனை பெயர்?

கோயம்புத்தூர் ஜங்ஷனில் நின்று ‘லோக்மான்ய திலக் டெர்மினஸ் வண்டி எது?’ என்று கேட்பவர்கள் குறைவு. ‘குர்லா எக்ஸ்பிரஸ் வந்துருச்சுங்களா?’ என்பதுதான் அங்கே காதில் விழும். பலகையில் திலகரின் பெயர் ஏறிப் பல வருடங்கள் ஆகியும், தமிழ்நாட்டுப் பயணிகளின் வாயில் அந்த மும்பை நிலையம் குர்லாவாகவே இருக்கிறது.

அங்கே வந்து இறங்கிய மனிதர்களுக்கும் இப்படி இரண்டு பெயர் உண்டு. சிலருக்கு நான்கைந்து.

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்துக் குடும்பங்களில் ‘குர்லா மாமா’, ‘தாராவி சித்தப்பா’, ‘மாட்டுங்கா அத்தை’, ‘செம்பூர் பெரியப்பா’ என்று யாராவது ஒருவர் இருப்பார். பேரப்பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும். லீவுக்கு வரும்போது அவர் கொண்டுவந்த சிக்கியின் ருசி நினைவிருக்கும். அவர் பெயர் என்ன என்று கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மூன்றாம் தலைமுறைப் பிள்ளை ஒன்று குடும்ப மரம் வரைய உட்காரும்போது பேனா நிற்கும் முதல் இடம் இதுதான்.

அப்போது பலரும் கூப்பிட்ட பெயரைத் தள்ளிவைத்துவிட்டு ‘நிஜப் பெயரை’த் தேடிக் கிளம்புகிறார்கள். வழி அங்கேயே தவறிவிடுகிறது. பிழைப்புக்காக ஊர்விட்டுப் போன குடும்பங்களில் கூப்பிட்ட பெயர்தான் உறுதியான ஆதாரம். கோப்பில் இருப்பது என்றோ ஒருநாள் ஒரு குமாஸ்தாவின் காதில் விழுந்த பெயர். வாயில் புழங்கியதோ, அவரோடு ஐம்பது வருடம் வாழ்ந்தவர்கள் தினமும் சொன்ன பெயர்.

படிவம் கேட்ட மூன்றாவது பெயர்

தாராவியின் தோல் கிடங்குகளுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வந்து சேர்ந்தார்கள். தாராவியின் படா மசூதி 1887-லும் கணேசர் கோயில் 1913-லும் எழுந்தவை. குர்லாவில் ஜாம்ஷெட்ஜி டாட்டா 1886-ல் வாங்கிய தரம்ஸி மில், சுதேசி மில் என்ற பெயரில் ஓடியது. மாட்டுங்காவில் ஆபீஸ் வேலைக்கு வந்த தஞ்சாவூர், பாலக்காட்டுக் குடும்பங்கள் குடியேறின. 1932-ல் அங்கே தென்னிந்தியக் கல்விச் சங்கம் பிறந்தது. இப்படி வந்தவர்களில் பெரும்பாலோரிடம் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. நாடு முழுவதற்குமான பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே 1969-ல்தான் வந்தது.

சு. இசக்கிமுத்து என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். களக்காட்டுப் பள்ளிக்கூடத்தில் அவர் அவ்வளவுதான்: அப்பா சுப்பையாவின் ஓர் எழுத்து, பிறகு தன் பெயர். பம்பாயில் அந்த ஓர் எழுத்து போதாது. மராத்தி, குஜராத்தி வழக்கத்தை ஒட்டி அமைந்த படிவம் தன் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றும் கேட்கும். மூன்றாவது இடத்தில் சிலர் சாதியை எழுதினார்கள். சிலர் ஊரை எழுதினார்கள். சிலருக்குத் தகப்பன் பெயரே அங்கே போய் உட்கார்ந்தது. அந்தக் குடும்பங்களில் கொள்ளுப்பேத்தி வரைக்கும் எல்லாரும் ‘சுப்பையா’ ஆனார்கள்.

ஒரு காலத்தில் பம்பாயே பேசிய நிழலுலகத் தாதா ஒருவரின் பெயரில் இந்த வார்ப்பு தெளிவாகத் தெரியும். செய்தித்தாள்களில் அவர் வரதராஜன் முனுசாமி முதலியார். தெருவில் வரதாபாய். 1988-ல் அவர் இறந்தபிறகும் மக்கள் நினைவில் நின்றது இரண்டாவது பெயர்தான்.

நம் இசக்கிமுத்து மில் ரிஜிஸ்டரில் ‘எசக்கி’ ஆகியிருக்கலாம். வாக்காளர் பட்டியலின் மராத்தி எழுத்தில் வேறோர் உருவம் எடுத்திருக்கலாம். ஊரில் அவர் இன்னும் ‘கட்டையன்’. தேடுகிறவர் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு தேட வேண்டும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்ற மூன்று காகிதமும் வேறு யாருடையதோ என்று தோன்றிவிடும்.

படிவம் இன்றும் மாறிக்கொண்டிருக்கிறது. 2024 மே 1 முதல் மகாராஷ்டிரத்தில் பிறக்கும் குழந்தைகளின் பெயரோடு தாயின் பெயரும் சேர வேண்டும் என்று அரசு அறிவித்திருக்கிறது. நாளைய பேரப்பிள்ளைகள் பாட்டியைத் தேடும்போது இது பேருதவி.

தாத்தா பெயரை எப்படிச் சொல்லிக் கூப்பிடுவது?

கூப்பிடும் பெயர் வெறும் செல்லத்தில் பிறந்ததில்லை. பல வீடுகளில் அது கட்டாயம்.

மூத்த பேரனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் நம் வழக்கம். இரண்டும் ஒரே வீட்டில் மோதும்போது, பிள்ளைக்குச் சூட்டிய பெயரைப் பெற்ற தாயே சொல்ல முடியாது. ஆகவே அவன் ‘அய்யா’வானான், ‘ராசா’வானான், ‘பெரியவன்’ ஆனான். நான்கு மகன்களின் மூத்த பிள்ளைகளும் ஒரே தாத்தாவின் பெயரைச் சுமந்தபோது ‘சிவத்த மாடசாமி’, ‘கறுத்த மாடசாமி’, ‘நெட்ட மாடசாமி’, ‘சின்ன மாடசாமி’ என்று பிரித்தார்கள். இந்த அடைமொழி ஏதோ ஒரு கேலி என்று விட்டுவிட்டால், நான்கு பங்காளிகள் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

பெரிய மனிதர்கள் வீட்டிலும் இதே கதைதான். 1903-ல் விருதுநகரில் பிறந்த காமராஜருக்கு வைத்த பெயர் குலதெய்வத்தின் பெயரான காமாட்சி. அம்மா கூப்பிட்டது ராஜா. இரண்டும் கலந்து வந்ததுதான் நாடறிந்த பெயர். தாராவியில் அந்தப் பெயரில் ஓர் உயர்நிலைப் பள்ளியே நடக்கிறது. உ.வே.சாமிநாதையருக்குப் பெற்றோர் வைத்தது வேங்கடராமன், வீட்டில் சாமா, ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நிலைநிறுத்தியது சாமிநாதன். கணித மேதை ராமானுஜன் சிறுவயதில் சின்னசாமி. எம்.எஸ். சுப்புலட்சுமி வேண்டியவர்களுக்குக் குஞ்சம்மா. இவர்களைப் பற்றிப் புத்தகங்கள் வந்திருப்பதால் இரு பெயரும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. குர்லா மாமாவைப் பற்றி யாரும் புத்தகம் எழுதவில்லை. அந்த ஒட்டு அவருடைய தங்கையின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது.

மாட்டுங்கா வீடுகளில் சுருக்குவதற்கு ஒரு முறையே உண்டு. கிருஷ்ணமூர்த்தி கிச்சாவாகவோ கிட்டுவாகவோ ஆவார். வைத்தியநாதன் வைத்தி, சீனிவாசன் சீனு, சுப்பிரமணியன் மணி. இதில் கவனம் தேவை: ‘மணி’ என்றால் சுப்பிரமணியன்தான் என்று இல்லை; பாலசுப்பிரமணியனும் மணி, மணிகண்டனும் மணி. ‘அம்பி’ எந்தப் பெயரிலிருந்தும் வராது. அது வீட்டில் அவருடைய இடத்தைச் சொல்லும்.

பெண்களின் பெயர் இன்னும் எளிதாகத் தொலைந்தது. கணவன் பெயரைச் சொல்லாத மனைவி ஒருபக்கம், தன் பெயரையே சொல்லாத பெண் இன்னொருபக்கம். 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொன்ன சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் வடமாநிலத்தவர்கள். ஆனால் அந்தத் தயக்கம் தமிழ் வீடுகளுக்கும் அந்நியமில்லை.

அயர்லாந்துக்காரர்கள் தேடிய விதம்

இதே முடிச்சை அவிழ்ப்பதில் நீண்ட பழக்கம் உள்ளவர்கள், அமெரிக்காவுக்குப் போன அயர்லாந்துக்காரர்களின் வாரிசுகள். 1845 முதல் 1852 வரை அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம். சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். பின்னால் 1922 ஜூனில் டப்ளின் நகரத்தின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் உள்நாட்டுச் சண்டையில் எரிந்தது. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பல அதில் சாம்பலாயின. அந்தத் தீக்கு முந்தையவற்றில் முழுமையாகக் கிடைப்பவை 1901, 1911 கணக்கெடுப்புகள்தாம். காகிதம் போனபின் குடும்பங்களிடம் மிஞ்சியவற்றில் முக்கியமானவை கூப்பிட்ட பெயர்கள்.

அங்கேயும் மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர். ஒரே ஊரில் பத்து ஜான் மர்ஃபி. அதனால் சிவந்தவன், கறுத்தவன், பெரியவன், இளையவன் என்று அடைமொழி. 1847-லிருந்து 1864 வரை நடந்த கிரிஃபித் நிலவரி மதிப்பீட்டில், ஒரே பெயருள்ள குடியானவர்களைப் பிரிக்க இந்த அடைமொழிகளையே அதிகாரிகள் எழுதினார்கள். அரசாங்க ஏட்டிலேயே பட்டப்பெயர் ஏறியதால், இன்று சிகாகோவில் இருக்கும் கொள்ளுப்பேரன் தன் ஜான் மர்ஃபி எந்த ஜான் மர்ஃபி என்று கண்டுபிடிக்க முடிகிறது.

பெண்களில் பிரிட்ஜெட் என்ற பெயர் பிடி, பிரைடி, டீலியா என்று கிளைத்தது. ஹொனோரா நோராவானாள். ஜொஹானா ஹன்னாவானாள். ஞானஸ்நான ஏட்டில் பிரிட்ஜெட், கப்பல் பட்டியலில் பிடி, பாஸ்டன் கல்லறையில் டீலியா என்று மூன்று இடத்தில் மூன்று பெயர் இருந்தாலும் ஆள் ஒன்றே என்று ஒப்பிட்டுப் பார்க்க, அங்கே ஆய்வாளர்கள் மாற்றுப்பெயர் அட்டவணைகளே போட்டு வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அப்படியோர் அட்டவணை வேண்டும். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அது மிகவும் அவசியம்: கோயில் ஏட்டில் பீட்டர் என்று இருப்பவர் வீட்டில் ராயப்பன், பால் சின்னப்பன், ஜான் அருளப்பன், ஜேம்ஸ் யாகப்பன், ஜோசப் சூசை. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து பம்பாய் வந்த குடும்பத்தில் தாத்தா சூசையும் தாத்தா ஜோசப்பும் ஒரே தாத்தாவாக இருக்கலாம்.

ஒவ்வொரு பெயரும் ஒரு துப்பு

திருநெல்வேலிப் பக்கம் கல்யாணமாகி வந்த பெண்ணை ஊரை வைத்துக் கூப்பிடுவார்கள். ‘வீரவநல்லூர்க்காரி’, ‘திசையன்விளை அக்கா’, ‘நாங்குநேரி மதினி’. பம்பாய் ரேஷன் கார்டில் அவளுடைய பிறந்த ஊர் இருக்காது. கூப்பிட்ட பெயரில் இருக்கிறது. பாட்டியின் தாய்வீட்டைத் தேடுகிறவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது.

சில பெயர்கள் கோயிலைக் காட்டும். கற்குவேல் என்று பெயர் இருந்தால் திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்குடியிருப்பில் உள்ள கற்குவேல் அய்யனாரை விசாரிக்கலாம். சொரிமுத்து என்றால் பாபநாசம் மலையில் காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார். ஒச்சாத்தேவன், ஒச்சம்மாள் என்றால் உசிலம்பட்டி அருகே பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன். கோயில் தெரிந்தால் பங்காளிகள் தெரிவார்கள்.

சில பெயர்கள் துக்கத்தைச் சொல்லும். பிச்சை, குப்புசாமி, பிச்சம்மாள் என்பவை பல குடும்பங்களில் முந்தைய குழந்தைகள் தங்காமல் போனபின் பிறந்த பிள்ளைக்கு வைத்த பெயர்கள். குப்பையில் கிடத்தி எடுத்தோ, பிச்சை கேட்டு வாங்கியதுபோல் பாவித்தோ வைத்தார்கள். ஒரு தாத்தா பிச்சை என்றால், அவருக்கு முன் எழுதப்படாத அண்ணன் அக்காக்கள் இருந்தார்களா என்று கேட்க வேண்டும். ‘போதும்பொண்ணு’ என்று ஒருத்தி இருந்தால் அவளுக்கு மேல் எத்தனை அக்காக்கள் என்று விசாரிக்க வேண்டும்.

தொழில் பெயர்கள் வேலை செய்த இடத்தைக் காட்டும். ‘கிடங்கு மாமா’ தோல் கிடங்கில் இருந்திருப்பார். ‘மில்லுக்காரர்’ என்றால் எந்த மில் என்று கேட்க இடம் கிடைக்கிறது.

அடுத்தவர் வைத்த பெயர்

பிறர் சூட்டிய பெயர்களும் உண்டு. அவை வேறு வகை. மும்பையில் இட்லி விற்கிற ஒவ்வொருவரும் ‘அண்ணா’. அதில் பாசமும் உண்டு, ஆளைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்ப்பதும் உண்டு. அமெரிக்காவில் அயர்லாந்து வேலைக்காரப் பெண்கள் எல்லாரும் ‘பிடி’ ஆனார்கள். அந்த ஏளனம் தாங்காமல் பிரிட்ஜெட் என்ற பெயரையே விட்டவர்கள் பலர். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்ட 1,52,184 ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். அங்கே வெள்ளையர்கள் இந்தியத் தொழிலாளி எவரையும் ‘சாமி’ என்றார்கள். காந்தியும் தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். ஆனால் நேட்டால் கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம், உடல் அடையாளம் வரை இருப்பதால், தென்னாப்பிரிக்க வாரிசுகளால் இன்று ஊர்வரை வர முடிகிறது. டிக்கெட் எடுத்துப் பம்பாய் ரயிலேறியவருக்கு அப்படி ஒரு பதிவேடும் இல்லை.

பம்பாயில் பெயரே ஆபத்தான காலமும் இருந்தது. 1966-ல் சிவசேனை தொடங்குவதற்கு முன்பே ‘மார்மிக்’ வார இதழ், நகரத்து நிறுவனங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்களை டெலிபோன் டைரக்டரியிலிருந்து எடுத்துப் பட்டியல் பட்டியலாக வெளியிட்டது. பெயர்ப்பலகையைப் பார்த்தே ‘மதராசி’ என்று ஒதுக்கிய அந்த வருடங்களின் காகிதங்களில் சுருங்கிய பெயர், மாறிய பெயர் தென்பட்டால் தேடுகிறவர் இந்தப் பின்னணியை மனதில் வைக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, ஊரில் சுமத்திய பெயரைப் பம்பாயில் உதறியவர்களும் உண்டு. ஒடுக்கப்பட்ட சாதியார் ‘சாமி’ என்று முடியும் பெயரை வைத்துக்கொண்டாலும் ஊர்ப் பெரியவர்கள் அதை வெட்டி, முனியசாமியை ‘முனியா’ என்றே அழைத்தார்கள். கிராமத்துக் காகிதத்தில் முனியன். தாராவிப் பள்ளிச் சான்றிதழில் முனியசாமி. இரண்டும் ஒரே ஆள். இடையில் இருப்பது ஒரு மனிதர் மீட்டெடுத்த மரியாதை. அப்படி விட்டுவந்த பெயரைக் குடும்ப மரத்தில் அச்சிட்டு எல்லாருக்கும் அனுப்புவது தவறு. தேடலுக்காகத் தனிக் குறிப்பில் வைத்துக்கொள்ளலாம். ஊனத்தையோ நிறத்தையோ பழித்த பெயர்களுக்கும் இதுவே முறை.

எங்கே கிடைக்கும்?

முதலில் மொய் நோட்டு. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவருக்கு ஆளைச் சரியாக அடையாளம் காட்டியாக வேண்டும்; நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு அது. அதனால் ஊர், தகப்பன் பெயரின் முதலெழுத்து, பெயர், தேவைப்பட்டால் பட்டப்பெயர் எல்லாம் வரும். ‘பம்பாய்’ என்று ஊர்ப்பெயர் போட்ட வரிகளை மட்டும் தனியே எடுத்து எழுதினால், எந்த வருடத்தில் யார் யார் அங்கே இருந்தார்கள் என்று ஒரு வரைபடமே வந்துவிடும்.

அடுத்தது கோயில் கொடைக்கான தலைக்கட்டு வரி நோட்டு. வெளியூரில் இருப்பவர்களும் வரி கட்டுவார்கள். யார் யாருடைய பங்காளி என்பது அதில் வரிசையிலேயே தெரியும். பிறகு கல்யாணப் பத்திரிகைகள், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்கள். அவற்றில் ‘(எ)’ என்ற அடையாளம் வந்தால் கண்ணை அங்கே நிறுத்த வேண்டும்: முருகன் (எ) கண்ணன். போலீஸ், நீதிமன்றத் தாள்களில் அதே வேலையை ‘@’ குறி செய்கிறது. பெயரை முறைப்படி மாற்றியவர்களை மகாராஷ்டிர, தமிழ்நாட்டு அரசிதழ்களில் தேடலாம்.

பெரியவர்களிடம் கேட்கும்போது ‘தாத்தா பேர் என்ன?’ என்று ஒற்றைக் கேள்வியாகக் கேட்டால் ஒற்றைப் பதில்தான் வரும். ‘உங்க அம்மா அவரை எப்படிக் கூப்பிடுவாங்க? மில்லுல என்னன்னு சொல்வாங்க? ஊர்ல பம்பாய்க்காரரைத் தேடி வந்தா யாருன்னு கேப்பாங்க?’ என்று ஆள் மாற்றி, இடம் மாற்றிக் கேட்க வேண்டும். கூப்பிட்ட பெயர், கூப்பிட்டவர், இடம், ஏறக்குறைய எந்த வருடம் என்று நான்கு பத்தியில் எழுதிவைத்தால் போதும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு எல்லாக் கிளைகளும் வந்து சேரும். ஒரே நாளில் பத்துப் பேரிடம் சரிபார்க்க அதைவிட நல்ல நாள் இல்லை.

இது இப்போது அவசரம்

மும்பைக் குடிசைவாசிகளுக்குப் பெயர் எப்போதுமே வீட்டோடு கட்டப்பட்டது. 1976-ல் குடிசைக் கணக்கெடுப்பு நடத்திப் புகைப்பட அட்டை கொடுத்தார்கள். பின்னால் இலவச மாற்றுவீட்டுக்கு 1995, பிறகு 2000 ஜனவரி 1 என்று வரம்பு வைத்தபோது, அந்தத் தேதிக்கு முன்பே அங்கே இருந்ததற்கான சான்றுகளில் பழைய வாக்காளர் பட்டியல் முக்கியமானது. தாராவி மறுசீரமைப்புக்கான வீடுவீடான கணக்கெடுப்பு 2024-ல் தொடங்கியது. அப்பா பெயரில் இருந்த குடிசை, தாத்தாவின் கூப்பிடும் பெயரில் எடுத்த அட்டை, பேரனின் ஆதாரில் வேறு குடும்பப் பெயர் என்று இருந்தால் மூன்றும் ஒரே குடும்பம் என்று காட்ட வேண்டிய பொறுப்பு குடும்பத்தின் தலையில் விழுகிறது. ஊரிலும் அப்படியே: பட்டா ‘கட்டையன் மகன்’ பெயரில் இருக்க, தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மும்பையிலிருந்து வந்து நிற்பவர் கையில் இருப்பது வேறு பெயர்.

வீடு இடிபட்டுக் குடும்பம் மாறும்போது முதலில் தூக்கிப் போடப்படுவது பரண் மேல் இருக்கும் தகரப் பெட்டி. மொய் நோட்டும் பழைய ரேஷன் கார்டும் மில் அடையாள அட்டையும் அதில்தான் இருக்கும். குர்லாவிலோ தாராவியிலோ அப்படி ஒரு பெட்டி வைத்திருக்கும் குடும்பத்தினர், வீட்டைக் காலி செய்யும் நாளுக்குக் காத்திராமல் அதை இறக்கி, ஒவ்வொரு தாளையும் செல்போனில் படமெடுத்து, பக்கத்தில் பெரியம்மாவை உட்காரவைத்து, ஒவ்வொரு பெயரும் யார் என்று அவர் சொல்வதைக் குரலாகவே பதிவுசெய்துகொள்வது நல்லது.